மைனஸ் மிஸ் நடத்திய மகிழ்ச்சி வகுப்பு

“மகிழ்ச்சிப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் இயல்பிலேயே மலர்ந்த முகமும், இதமான குரலும், பிறர் குறைகளைப் பெரிதுபடுத்தாத விரிந்த மனமும் கொண்டவராக இருத்தல் வேண்டும். அவர் வகுப்பறைக்குள் நுழையும்போதே மாணவர் மனத்தில் இனிய உணர்வு பரவ வேண்டும்.”

கல்வி அலுவலகம் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிய கையேட்டின் முதல் பக்கம் இப்படிச் சொல்கிறது.

மைனஸ் மிஸ் வகுப்பறைக்குள் நுழையும்போது பரவுவது வேறு. முதலில் கடைசி பெஞ்சு நிமிரும். நடு பெஞ்சில் யாரோ எச்சில் விழுங்குவது கேட்கும். மின்விசிறிகூட அவரைக் கண்டால் மெதுவாகச் சுற்றுகிறது என்று மாணவர்கள் சொல்வார்கள். அது மின்சாரத் துறையின் கைவரிசை. பழி மட்டும் இவருக்கு.

அவர் கணக்கு ஆசிரியை. தப்பான விடைக்குச் சுழியம் போட்டுவிட்டு நகரும் தாராள மனம் அவருக்குக் கிடையாது. யோசிக்காமல் எழுதிய விடைக்கு, இருக்கிற மதிப்பெண்ணிலிருந்தும் கழிப்பார். “தெரியலைன்னா சும்மா இரு. தெரிஞ்ச மாதிரி நடிச்சா அதுக்குத் தனி வாடகை” என்பது அவர் கொள்கை. இதன் பயனாக ஒரு மாணவன் தேர்வுக்கே வராமல் வகுப்பில் நடு இடத்தைப் பிடித்திருக்கிறான். அன்று ஒட்டிய பெயர் இன்றுவரை உரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார், “மைனஸ் மிஸ் எந்த ரூம்ல இருக்காங்க?” என்று அவரிடமே கேட்டார். “இந்த ரூம்தான், உட்காருங்க” என்று அவரும் நாற்காலியைக் காட்டினார்.

இப்படிப்பட்டவரை மகிழ்ச்சிக்குப் பொறுப்பாக்கியது யார் என்று கேட்டால், நேர அட்டவணை என்றுதான் சொல்ல வேண்டும். மகிழ்ச்சி, நன்றியுணர்வு, கனிவு ஆகிய மூன்றையும் தினமும் கடைசிப் பாடவேளையில் கற்பிக்க வேண்டும் என்பது உத்தரவு. கடைசிப் பாடவேளையில் கணக்கு யார் தலையிலும் ஏறாது என்பதால் அப்போது ஓய்வாக இருந்தவர் இவர் ஒருவர்தான். மொழி ஆசிரியர் முகம் எப்போதும் மலர்ந்தே இருக்கும். துக்க வீட்டில்கூட அதை மூட முடியாமல் அவர் படும் பாடு ஊரறிந்தது. ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் வேறு வகுப்பு.

தலைமை ஆசிரியரை எல்லோரும் ‘சுற்றறிக்கை’ என்பார்கள். மனிதர் பேசுவதே அந்த நடையில்தான்.

“மேடம், உங்களுக்குத்தான் கடைசி பீரியட் ஃப்ரீ.”

“சார், எனக்குச் சிரிப்பு வராது.”

“நீங்க சிரிக்கணும்னு தேவை இல்ல. மாணவர்கள் சிரிக்கணும்.”

“என்னைப் பார்த்தா?”

“கையேட்டைப் பார்த்து” என்று அதை அவர் கையில் வைத்தார் சுற்றறிக்கை.

முதல் நாள் மிஸ் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். “மகிழ்ச்சின்னா என்ன? உதாரணம் சொல்லுங்க.” கனமான கண்ணாடி போட்ட ஒரு பெண், வகுப்பில் ‘சோடாபுட்டி’ என்று அழைக்கப்படுபவள், வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: “கணக்கு மிஸ் லீவு.”

பக்கத்தில் இருந்தவள் அவளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். மிஸ் கொஞ்சம் யோசித்தார். “காரணம்?”

“அன்னைக்கு வயிறு வலிக்காது மிஸ்.”

“விடை சரி. உட்காரு. அடுத்து.”

இப்படித்தான் மகிழ்ச்சி முடிந்து நன்றிக்கு வந்தார்கள். வினையும் அங்கேதான் வந்தது.

கையேட்டில் ஒரு செயல்பாடு: ‘நமக்காக உழைக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும். அன்றாடம் அவரை நேரில் கண்டு, கைகளை நெஞ்சில் வைத்து, கண்களை நோக்கி நன்றி கூறவும்.’ யாரைத் தேர்ந்தெடுப்பது? வாயிற்காவலர் பக்கம் போனால் சட்டை ஏன் வெளியே தொங்குகிறது என்று கேட்பார். பேருந்து ஓட்டுநர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். தலைமை ஆசிரியரின் பெயரை ஒருவன் சொன்னான். நன்றாகச் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். கடைசியில் வகுப்பு முழுக்க ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்தது. வாளி அக்கா.

வாளி அக்கா அந்த மாடியைக் கூட்டித் துடைப்பவர். பள்ளி அவரை வேலைக்கு வைக்கவில்லை. ஒரு துப்புரவு கம்பெனி வைத்திருந்தது. சக்கரம் வைத்த நீல வாளி ஒன்று, அதில் ஒரு சக்கரம் கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் அக்கா வருகிறார் என்று அர்த்தம். பள்ளி விட்ட பிறகு, காவலர் மாடியைப் பூட்ட வருவதற்குள் எல்லா அறைகளையும் முடிக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி.

மிஸ்ஸுக்கும் அக்காவுக்கும் எலியும் பூனையும் போல ஒரு உறவு உண்டு. மிஸ் பலகையில் வட்டமும் முக்கோணமுமாக ஒரு படம் வரைவார். அதற்கு அரைப் பாடவேளை போகும். மறுநாளும் வேண்டும் என்பதால் பக்கத்தில் ‘அழிக்காதே’ என்று எழுதி வைப்பார். காலையில் வந்து பார்த்தால் பலகை பளிங்கு மாதிரி இருக்கும்.

“அழிக்காதேன்னு எழுதியிருந்தேனே, பார்க்கலையா?”

“பார்த்தேன் மிஸ். அதையும் சேர்த்துத்தான் அழிச்சேன்.”

“ஏன்?”

“பலகையைத் துடைக்கணும்னு எனக்குச் சொல்லியிருக்காங்க. படம் இருந்தா துடைக்காதேன்னு சொல்லலை. நீங்க வேணா கம்பெனியில சொல்லி மாத்துங்க.”

விதியை விதியாகவே பிடித்துக்கொள்ளும் இரண்டு பேர் ஒரே மாடியில் இருந்தால் சமாதானம் எப்படி வரும்?

செயல்பாடு தொடங்கியது. முதல் நாள் பிள்ளைகள் வரிசையாகப் போய், “எல்லாத்துக்கும் நன்றிக்கா” என்று முணுமுணுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினார்கள். மறுநாள் வகுப்பில் மிஸ் பலகையைத் தட்டினார்.

“‘எல்லாத்துக்கும்’னா எதுக்கு? இது விடையா? படி இல்லாம விடை எழுதினா நான் என்ன பண்ணுவேன்?”

“கழிப்பீங்க மிஸ்.”

“இங்கேயும் அப்படித்தான். குறிப்பா ஒரு காரணம் சொல்லணும். நேத்து சொன்ன காரணத்தை இன்னைக்குச் சொல்லக் கூடாது. அடுத்தவன் சொன்னதையும் சொல்லக் கூடாது. காப்பி அடிச்ச நன்றி செல்லாது.”

கையேட்டை எழுதியவர்கள் இதைக் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார்கள். கேட்பதற்கு அவ்வளவு நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகளும் மிஸ்ஸிடம் கணக்குப் படித்தவர்கள் அல்லவா? துல்லியத்தில் இறங்கினார்கள். “மூணாவது ஜன்னலோட கீழ்க் கம்பியைத் துடைச்சதுக்கு நன்றிக்கா.” “கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டினதுக்கு நன்றிக்கா. ஒட்டினது நான் இல்லக்கா.” ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்து, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்காவும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பிள்ளைகள் விடுவதில்லை. “அக்கா, கண்ணு. கண்ணைப் பாருங்கக்கா. இல்லன்னா மைனஸ் போடுவாங்க.”

ஒரு மாடியில் எத்தனை ஜன்னல்தான் இருக்கும்? சில நாட்களில் காரணங்கள் தீர்ந்துபோயின. இதற்குப் பிறகு நடந்தது அந்த வகுப்புக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. சும்மா கிடந்த சுவரில் ஒருவன் மையைத் தெளித்தான். அக்கா அதைத் துடைத்தார். மறுநாள் அவனிடம் புத்தம்புதுக் காரணம் ஒன்று தயாராக இருந்தது. விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. பென்சில் சீவல் பெஞ்சுக்கடியில் குவிந்தது. தண்ணீர்ப் புட்டிகள் தாமாகக் கவிழ்ந்தன. காகிதங்கள் கூடையின் வாசல்வரை வந்து, மரியாதையாக வெளியிலேயே நின்றன. நன்றியுணர்வு பெருகப் பெருகக் குப்பையும் பெருகியது. ஆசிரியர் அறையில் மொழி ஆசிரியர், “பிள்ளைங்க தினமும் அந்தம்மாவைச் சுத்தி நிக்கிறதைப் பார்த்தா கண்ணு நிறையுதுங்க” என்றார். தரையையும் ஒருமுறை பார்த்திருந்தால் உண்மையாகவே நிறைந்திருக்கும்.

ஒரு மாலை மிஸ் குடையை மறந்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்பி வந்தார். சாக்பீஸ் தூளும் தண்ணீரும் குழைந்து தரையில் கஞ்சி மாதிரி பரவியிருந்தது. அதன் முன்னால் வாளி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். எதிரே சோடாபுட்டி, நெஞ்சில் கை வைத்துத் தயாராக நின்றாள்.

அக்கா மிஸ்ஸைப் பார்த்ததும் திரும்பினார். “வாங்க மிஸ். உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். உங்களுக்குப் புண்ணியமா போகும், இதுங்களை நன்றி சொல்றதை நிறுத்தச் சொல்லுங்க.”

“ஏன், என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? வேலை போச்சு. நேத்து எங்க சூப்பர்வைசர் வந்து பார்த்தா, பூட்டுற நேரத்துல பாதி ரூம் அப்படியே கிடக்கு. இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிட்டிருந்தேன்னு கேட்டாரு. நன்றி வாங்கிட்டிருந்தேன்னு சொன்னேன். கிண்டலான்னு கேட்டாரு. இந்த வாரக் கடைசியோட என்னை நிறுத்துறாங்க. வேற ஆள் வராங்க.”

மிஸ் தரையில் பரவியிருந்த கஞ்சியைப் பார்த்தார்.

“எங்க அம்மா, என் பொண்ணு, ரெண்டு பேரையும் இந்த வாளிதான் சுமக்குது மிஸ். முன்னாடியெல்லாம் இந்த மாடியில என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்ல. வேலை எவ்வளவு நல்லா நடந்துச்சு தெரியுமா?”

மிஸ் சோடாபுட்டியைப் பார்த்தார். “இதைக் கொட்டினது யாரு?”

“நான்தான் மிஸ்.”

“எதுக்கு?”

“காரணம் தீர்ந்துபோச்சு மிஸ். ஜன்னல், கதவு, ஸ்விட்ச், எல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க. நேத்து சொன்னதையே சொன்னா கழிப்பீங்க. அதான் நாங்களே...” அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். “வகுப்புல எல்லாருமே இப்படித்தான் மிஸ் பண்றோம்.”

பிழை எந்தப் படியில் புகுந்தது என்பதைக் கண்டுபிடிக்க மிஸ்ஸுக்கு எப்போதும் நேரம் பிடிக்காது. இந்த முறையும் பிடிக்கவில்லை. அது தன் கையெழுத்தில் இருந்ததுதான் புதிது.

மறுநாள் காலையில் அவர் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். “நீங்க சொன்னா ஆகாதுங்க. தாமதம் பள்ளிக்கூடத்தாலதான்னு உங்க ஹெட்மாஸ்டர் வாயால சொல்லட்டும், நிறுத்தலை” என்றார் அவர். மிஸ் சுற்றறிக்கையிடம் போனார்.

“அதெப்படி மேடம் சொல்ல முடியும்? வாரக் கடைசியில மதிப்பீட்டுக் குழு வருது. ‘மகிழ்ச்சிப் பள்ளி’ன்னு பலகை குடுக்கப் போறாங்க. இந்த நேரத்துல, நன்றி சொல்லிச் சொல்லி ஒரு அம்மாவோட வேலையைத் தின்னுட்டோம்னு நானே சொல்லவா?”

“அப்ப குழு வரும்போது பிள்ளைங்க யாருக்கு நன்றி சொல்லுவாங்க? அவங்களைத்தான் அனுப்புறாங்களே.”

“புது ஆள் வந்திடுவாங்களே. அதே சீருடை, அதே வாளி. நன்றி பதவிக்குத்தானே மேடம், ஆளுக்கா?”

மிஸ்ஸின் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் தண்ணீர் வராவிட்டாலும், “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்று கணீரென்று அறிவிப்பார். மாலைத் தேநீரின்போது மிஸ் நடந்ததைச் சொன்னார்.

“அந்த வாளி அம்மாகிட்ட வருந்துகிறோம்னு சொல்லிட்டு விடேன்” என்றார் கணவர்.

“நீங்க வேலையில இருந்தவரைக்கும் தினமும் வருந்தினீங்களே. ஒரு வண்டியாவது சீக்கிரம் வந்துச்சா?”

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “வரல. ஆனா ஒருநாள் நிஜக் காரணத்தைச் சொல்லிட்டேன். டிரைவர் அசந்து தூங்கிட்டார்னு மைக்கிலேயே சொல்லிட்டேன். அன்னைக்கு ஒருத்தர்கூட சண்டைக்கு வரல. எல்லாரும் சிரிச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னைக் கூப்பிட்டு விசாரணை வெச்சாங்க. அது வேற கதை. இன்னொரு டம்ளர் இருக்கா?”

குழு வந்தது. டை கட்டிய அதிகாரி ஒருவர், கையில் டேப்லெட் வைத்த அம்மையார் ஒருவர். சுவரெல்லாம் வண்ணக் காகிதம். பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடித்து அமைதியாக இருந்தார்கள். குழு அதைத் தியானம் என்று குறித்துக்கொண்டது. பலகைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த துப்புரவுப் பெண், இன்னும் மடிப்புக் கலையாத சீருடையில், என்ன தப்பு செய்தோம் என்ற முகத்துடன் நின்றார். வெளியே தாழ்வாரத்தில் சூப்பர்வைசர் வாளி அக்காவிடமிருந்து சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

“யாராவது ஒரு மாணவி நன்றி சொல்லிக் காட்டலாமே” என்றார் அம்மையார்.

சுற்றறிக்கை, கண்ணில் பட்ட சோடாபுட்டியை எழுப்பினார். அவள் நெஞ்சில் கை வைத்தாள். புதுப் பெண்ணின் கண்ணை நேராகப் பார்த்தாள். “நன்றிக்கா...” என்று தொடங்கி நின்றுவிட்டாள். பிறகு மிஸ் பக்கம் திரும்பினாள்.

“மிஸ், இவங்க இப்பதான் வந்திருக்காங்க. இன்னும் ஒண்ணும் செய்யலையே. என்ன காரணம் சொல்றது?”

“பரவாயில்லம்மா, பொதுவா சொல்லு” என்றார் சுற்றறிக்கை, பல்லைக் கடித்த புன்னகையோடு.

“பொதுவா சொன்னா மைனஸ் சார்” என்று கடைசி பெஞ்சு ஒரே குரலில் எச்சரித்தது.

மிஸ் எழுந்தார். “உட்காரு. விடை சரி.” பிறகு வாசலைப் பார்த்து, “சூப்பர்வைசர் சார், கொஞ்சம் உள்ள வாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அக்கா வாசற்படியிலேயே நின்றார். தான் துடைத்த தரையில் செருப்போடு நடக்க அவருக்கு மனம் வராது.

“இந்த வகுப்புல ஒரு கணக்கு தப்பாயிடுச்சு” என்றார் மிஸ். குரலில் இதம் எதுவும் இல்லை. வழக்கமாகத் தேர்வுத்தாளைத் திருப்பித் தரும் குரல்தான். “தினமும் புதுக் காரணம் சொல்லணும்னு விதி போட்டது நான். காரணம் தீர்ந்ததும் பிள்ளைங்க குப்பை போட்டு காரணத்தை உண்டாக்கினாங்க. வேலை முடிய விடாம இவங்களை நிறுத்தி வெச்சு நன்றி சொன்னாங்க. ரூமெல்லாம் அப்படியே கிடந்ததுக்குக் காரணம் இவங்க இல்ல, நான். இவங்களை எங்களால வேலையை விட்டு நிறுத்துறாங்க. அது தப்பு.” அக்காவின் பக்கம் திரும்பினார். “தப்பு என்னோடது.”

டேப்லெட் அம்மையார் விரலைத் தூக்கியபடியே இருந்தார். நடு பெஞ்சில் ஒருவன் எழுந்தான். “சுவத்துல மை தெளிச்சது நான்தான்.” அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. “பென்சில் சீவினதைப் பெஞ்சுக்கடியில கொட்டினது நான்.” சோடாபுட்டியும் எழுந்தாள். அதன்பின் எழாதவர்களைத் தேட வேண்டியிருந்தது. சூயிங்கம் ஒட்டியவனும் எழுந்து, பழைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

சூப்பர்வைசர் அக்காவை வாய் பிளந்து பார்த்தார். “அப்ப நிஜமாவே நன்றிதான் வாங்கிட்டிருந்தியாம்மா?”

“நான் என்ன உங்ககிட்ட கதையா சொன்னேன்?” என்றார் அக்கா.

அதிகாரி டையைத் தளர்த்திக்கொண்டு தலைமை ஆசிரியரைக் கேட்டார். “இவங்க சொல்றதெல்லாம் உண்மையா சார்?”

சுற்றறிக்கை கூரையைப் பார்த்தார். இந்த நிலைமைக்கு எந்த உத்தரவும் வந்திருக்கவில்லை. “ஆமாம்” என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய அறிக்கை அதுதான்.

“ஸ்கூலே சொல்லிட்டா சரி” என்று சூப்பர்வைசர் சாவிக் கொத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். புதுப் பெண்ணை வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார்; அங்கேயும் ஆள் வேண்டியிருந்ததாம். நன்றி வாங்காமல் தப்பித்த நிம்மதி அந்தப் பெண்ணின் நடையிலேயே தெரிந்தது.

‘மகிழ்ச்சிப் பள்ளி’ப் பலகை கிடைக்கவில்லை. குழுவின் அறிக்கையில், ‘ஆசிரியரின் முகத்தில் மலர்ச்சி போதவில்லை, வகுப்பில் அச்சம் நிலவுகிறது, தரை தூய்மையாக உள்ளது’ என்று இருந்தது. சுற்றறிக்கை நேர அட்டவணையை எப்படியோ வளைத்து மகிழ்ச்சி வகுப்பை மொழி ஆசிரியரிடம் ஒப்படைத்தார். அவர் கனிவு என்ற பாடத்தைக் கண்ணீர் மல்க நடத்துகிறார். அது முடிந்ததும் பிள்ளைகள் தத்தம் இடத்தைக் கூட்டிவிட்டுப் போகிறார்கள். அது கையேட்டில் இல்லை. வகுப்பை ஒப்படைக்கும்முன் மிஸ் போட்ட கடைசி விதி. அதன் இரண்டாம் பகுதி, “அக்காவுக்கு நன்றி சொல்றவங்களுக்கு மைனஸ்.”

அடுத்த வாரம் மிஸ் வழக்கம்போல ஒரு வட்டம் வரைந்து, பக்கத்தில் ‘அழிக்காதே’ என்று எழுதிவிட்டுப் போனார். காலையில் பலகை பளிங்கு மாதிரி இருந்தது. தாழ்வாரத்தில் சக்கரம் கீச்சிடும் திசையைப் பார்த்து அவர் கத்தினார். அங்கிருந்தும் பழைய பதிலே வந்தது: “கம்பெனியில சொல்லி மாத்துங்க மிஸ்!”

கையேட்டின் முதல் பக்கத்தில் உள்ள எந்தத் தகுதியும் இன்றுவரை மைனஸ் மிஸ்ஸுக்கு வரவில்லை. தான் போட்ட விதியால் ஒருவருடைய வேலை போகவிருந்தபோது, தவறு தன்னுடையது என்று மிஸ் அவருக்கு எதிரிலேயே சொன்னார். வாளி அக்கா அடுத்த வாரமும் வேலைக்கு வந்தார்.